வேதியர்களுக்கு ஓர் ஆசான் – வீரமாமுனிவர்

வீரமாமுனிவர் என்ற பெயரைக் கேட்டவுடனே தேம்பாவணியும் சதுரகராதியும் பரமார்த்த குருவின் கதையும் நம் நினைவுக்கு வருகின்றன. தேர்வில் இவரைப் பற்றிக் குறிப்பு வரையச் சொன்னால் நாம் அனைவரும் இவற்றையே எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறோம். ஆனால் இம்முனிவர் தம் வாழ்நாளில் பெரிதும் பாடுபட்டது எவருக்காக என்று நாம் கேட்பதில்லை. அரசவைப் புலவர்களுக்காக மட்டுமா அவர் தமிழ் கற்றார்? குருவானவர் வந்து சேர முடியாத சிற்றூர்களிலே செபம் சொல்லிக் கொடுத்து, ஞானோபதேசம் கற்பித்து, ஊர் ஊராக நடந்த எளிய மனிதர்களை உருவாக்குவதற்காகவும் அவர் தமிழைக் கற்றார். அம்மனிதர்களுக்கு வேதியர் என்று பெயர். உபதேசியார் என்றும் நம் முன்னோர் அவர்களை அழைத்தனர். அவர்களுக்கு ஆசானாக விளங்கிய வீரமாமுனிவரின் வரலாற்றை, அன்புத் தோழியரே, இங்கே சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

இத்தாலி நாட்டில் மாந்துவா நகருக்கு அருகே காஸ்திலியோனே என்னும் சிற்றூர் உள்ளது. இளைஞர்களின் பாதுகாவலரான புனித ஞானப்பிரகாசியார் பிறந்த ஊரும் அதுவே. அவ்வூரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் திங்கள் 8ஆம் நாள் ஒரு குழந்தை பிறந்தது. கான்ஸ்தந்தீன் ஜோசப் பெஸ்கி என்று அதற்குப் பெயரிட்டனர். பெஸ்கி இயேசு சபையார் நடத்திய பள்ளியிலே பயின்றார். தம் ஊரிலே பிறந்து, செல்வத்தைத் துறந்து, நோயாளிகளுக்குப் பணி செய்து இளமையிலேயே உயிர் நீத்த ஞானப்பிரகாசியாரின் வாழ்க்கையைக் கேட்டு வளர்ந்த சிறுவர் அவர். 1698ஆம் ஆண்டு, தமது பதினெட்டாம் வயதில், தாமும் இயேசு சபையிலே சேர்ந்தார்.

1709ஆம் ஆண்டு அவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அக்காலத்தில் மதுரை மிஷனில் பணியாற்றியவர்கள் தங்கள் நாட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்டு வந்தன. மறவ நாட்டிலே 1693ஆம் ஆண்டு ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்த புனித ஜான் டி பிரிட்டோவாகிய அருளானந்தரின் வரலாறு பல இளம் குருக்களின் உள்ளத்தைத் தொட்டிருந்த காலம் அது. பெஸ்கியும் மதுரை மிஷனுக்கு வர விரும்பினார். லிஸ்பன் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, 1710ஆம் ஆண்டு கோவாவை வந்தடைந்தார். பெற்றோரையும் பிறந்த மண்ணையும் விட்டு வந்த அவர் மீண்டும் இத்தாலிக்குத் திரும்பவேயில்லை.

கோவாவிலிருந்து அவர் மலையாள நாட்டிலுள்ள அம்பலக்காட்டுக்குச் சென்றார். அங்கே இயேசு சபையாரின் குருமடம் ஒன்று இருந்தது. தமிழ்ச் சொற்களுக்குப் போர்த்துக்கீசியப் பொருள் கூறும் அகராதி ஒன்று 1679ஆம் ஆண்டிலேயே அவ்வூரில் அச்சாகியிருந்தது. அங்கிருந்து 1711ஆம் ஆண்டு தமிழ் நாட்டுக்குள் நுழைந்தார்.

நம் பக்கத்துச் சீமையில்

சங்கரன்கோவிலிலிருந்து கழுகுமலை வழியாகக் கிழக்கே சென்றால் கோவில்பட்டி வரும். அதற்கு அருகே உள்ளது காமநாயக்கன்பட்டி. ஆகஸ்டு 15ஆம் நாள் பரலோக மாதா திருவிழாவுக்கு இன்றும் நம் பக்கத்து மக்கள் கூட்டம் கூட்டமாகச் செல்லும் அந்தக் கரிசல் காட்டு ஊரிலேதான் வீரமாமுனிவர் தமது தமிழ்நாட்டுப் பணியின் முதல் ஆண்டுகளைக் கழித்தார். தேம்பாவணி பாடிய பெரும் புலவர் தமது தொடக்கத் தமிழை நம் பக்கத்து மண்ணிலே பேசிப் பழகினார் என்பது நமக்கு எவ்வளவு பெருமை!

அப்போது மதுரையிலே விசயரங்க சொக்கநாத நாயக்கர் ஆண்டு வந்தார். ஊர்களின் அதிகாரமோ பெரும்பாலும் பாளையக்காரர்களின் கையிலே இருந்தது. ஒரு பாளையத்தில் கிடைத்த பாதுகாப்பு அடுத்த பாளையத்தில் கிடைக்காது. குருவானவர் ஓர் ஊரிலே நிலையாகத் தங்கிப் பணி செய்வது அரிதாக இருந்தது. வீரமாமுனிவருக்கும் அத்தகைய ஆபத்து நேர்ந்தது. 1714, 1715ஆம் ஆண்டுகளை ஒட்டி அவர் பிடிக்கப்பட்டு மரணத்தின் வாயில் வரை சென்று தப்பினார். அதன் பிறகும் அவர் ஊர் திரும்ப எண்ணவில்லை. முன்னிலும் ஊக்கத்தோடு தமிழ் கற்கத் தொடங்கினார்.

அவர் முதலில் தைரியநாதர் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டார். கான்ஸ்தந்தீன் என்ற தம் பெயரில் அடங்கியிருந்த உறுதி என்னும் பொருளைத் தழுவியது அது. பின்னர் மக்கள் வழங்கிய வீரமாமுனிவர் என்னும் பெயரே நிலைத்துவிட்டது. மதுரையில் 1606ஆம் ஆண்டு பணி தொடங்கிய தத்துவ போதகரான ராபர்ட் தே நோபிலி காட்டிய வழியைப் பின்பற்றி, இவரும் தமிழ்த் துறவியரைப் போலவே உடுத்தார்; புலால் உணவை நீக்கினார்.

வேதியர் என்பவர் யார்?

மதுரை மிஷன் என்பது இன்றைய ஒரு மறைமாவட்டத்தைப் போன்றதன்று. தெற்கே நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வடக்கே காவிரி, கொள்ளிடம் கடந்தும் அது பரந்து கிடந்தது. பேருந்தும் புகைவண்டியும் இல்லாத அந்த நாளில், இவ்வளவு பெரிய நிலப்பரப்புக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய குருக்களே இருந்தனர். ஓர் ஊரிலே பூசை வைத்துவிட்டுப் புறப்படும் குருவானவர் மறுபடியும் அவ்வூருக்கு வர ஓராண்டும் ஆகலாம். அதற்கு மேலும் ஆகலாம்.

இடைப்பட்ட நாட்களில் அம்மக்களுக்கு யார் துணை? வேதியரே துணை. ஞாயிற்றுக்கிழமைகளில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லுவார். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பார். குழந்தை உயிருக்குப் போராடினால் ஞானஸ்நானம் கொடுப்பார். மரணப் படுக்கையிலிருப்போர் அருகே அமர்ந்து செபிப்பார். இறந்தோரை அடக்கம் செய்வார். குடும்பச் சண்டைகளைத் தீர்த்து வைப்பார். குருவானவர் வரும் நாள் தெரிந்தால் மக்களைப் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாரிப்பார். அவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர். மனைவி மக்களோடு வாழ்ந்தவர். இன்று நாம் பொதுநிலையினர் என்று சொல்கிறோமே, அவர்களில் ஒருவர்.

ஊர் முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். அவர் நல்லவராக இருந்தால் ஊர் நன்றாக இருக்கும். அவர் பேராசைக்காரராகவோ குடிப்பழக்கம் உள்ளவராகவோ இருந்தால் அவர் கற்பித்ததெல்லாம் வீணாகிவிடும். இதை வீரமாமுனிவர் நன்கு உணர்ந்திருந்தார். ஆகவே வேதியர்களை ஆயத்தம் செய்வதையே தம் பணிகளுள் முதன்மையான ஒன்றாகக் கொண்டார்.

ஏலாக்குறிச்சியில்

நம் பக்கத்திலிருந்து வடக்கே சென்ற முனிவர் காவிரிக் கரைச் சீமையிலே பல்லாண்டுகள் பணி செய்தார். விருத்தாசலத்துக்கு அருகே கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பினார். அன்னையின் திருவுருவம் தமிழ்ப் பெண்ணைப் போலச் சேலை உடுத்தி நிற்பதை இன்றும் அங்கே காணலாம். கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஏலாக்குறிச்சியிலே அடைக்கல அன்னைக்கு ஆலயம் அமைத்தார். அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று அழகிய பெயரிட்டு, அதன் பேரில் ஒரு கலம்பகமும் பாடினார்.

அங்கே ஒரு கலாசாலையை ஏற்படுத்தி, தாமே ஆசிரியராக அமர்ந்து வேதியர்களுக்கும் மாணவர்களுக்கும் தமிழும் வேதமும் கற்பித்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். கையில் ஏடும் எழுத்தாணியுமாகப் பலதரப்பட்டவர்கள் அவர் முன் அமர்ந்திருப்பதை நாம் மனக்கண்ணால் காணலாம்.

ஞானஒடுக்கமும் வேதியர் ஒழுக்கமும்

கற்பித்தல் மட்டும் போதாது என்று இயேசு சபையார் எண்ணினர். அச்சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார், போரிலே காலில் குண்டு பட்ட பிறகு, ஸ்பெயின் நாட்டில் மன்றேசா என்னும் ஊரில் 1522ஆம் ஆண்டில் தனிமையிலே தங்கித் தியானம் செய்தவர். அங்கே தாம் பெற்ற அனுபவத்தைக் கொண்டு ஞானப் பயிற்சிகள் என்ற நூலை எழுதினார். 1548ஆம் ஆண்டு திருத்தந்தை அதை அங்கீகரித்தார். சில நாட்கள் உலகக் கவலைகளை ஒதுக்கி, மௌனமாக இருந்து, தன் பாவங்களை எண்ணி வருந்தி, கிறிஸ்துநாதரின் வாழ்வையும் பாடுகளையும் படிப்படியாகத் தியானித்து, இனி எப்படி வாழ்வது என்று முடிவு செய்வதே அப்பயிற்சியின் முறை. இதையே நாம் ஞானஒடுக்கம் என்கிறோம்.

துறவியருக்கு உரிய இந்தப் பயிற்சியைத் தமிழ்நாட்டு வேதியர்களுக்கும் கொடுக்கும் வழக்கம் மதுரை மிஷனிலே உண்டாயிற்று. பல ஊர்களில் தனித்தனியே உழைத்த வேதியர்கள் ஓரிடத்தில் கூடித் தியானம் செய்து, பிறகு தத்தம் ஊருக்குத் திரும்பினர். ஓலைக் குடிசையில் வாழ்ந்த ஓர் உபதேசியார், ஐரோப்பாவின் பெரிய மடங்களில் துறவிகள் செய்த அதே தியானத்தைத் தம் தாய்மொழியிலே செய்தார் என்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது அன்றோ!

அவ்வேதியர்களுக்காக வீரமாமுனிவர் 1727ஆம் ஆண்டில் எழுதிய நூலே வேதியர் ஒழுக்கம். அவர்களுடைய பணி எவ்வளவு மேலானது, அப்பணியை மேற்கொண்டவர் எப்படி வாழ வேண்டும் என்பவற்றை அந்நூல் எடுத்துரைக்கிறது. நூலின் பெயரையே பாருங்கள். வேதியர் அறிவு என்றோ வேதியர் கல்வி என்றோ அவர் பெயர் வைக்கவில்லை, ஒழுக்கம் என்றார். கற்பிக்கிறவன் முதலில் தான் அதன்படி நடக்க வேண்டும் என்பதே அவர் கருத்து.

இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டில்தான், அதாவது 1726இல், அவர் தேம்பாவணியை முடித்திருந்தார். புனித சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு, 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் உடையதாக அமைந்த பெருங்காப்பியம் அது. அத்தனை செய்யுளைப் பாடிய கை, அடுத்த ஆண்டே உரைநடையை எழுதியது. தமிழ் நூல் என்றால் செய்யுள் என்றிருந்த காலத்தில், வேதியர் படித்துப் புரிந்துகொண்டு பிறருக்கும் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அவர் உரைநடையைக் கையாண்டார். தமிழ் உரைநடையின் வளர்ச்சியைப் பற்றி எழுதும் அறிஞர்கள் வேதியர் ஒழுக்கத்தைத் தவறாமல் குறிப்பிடுகின்றனர்.

மற்றத் தமிழ்ப் பணிகள்

அவருடைய மற்ற நூல்களையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் அவை புதிய பொருள் தருகின்றன. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாகப் பிரித்து 1732இல் அவர் தொகுத்த சதுரகராதி, சொற்களை அகர வரிசையில் தந்தது. அதற்கு முன் சொற்பொருள் அறிய நிகண்டுகளைச் செய்யுள் செய்யுளாக மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. இனி எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் தாமே சொல்லைத் தேடிப் பொருள் காண முடிந்தது.

எழுத்துச் சீர்திருத்தமும் அப்படிப்பட்டதே. எகரத்துக்கும் ஒகரத்துக்கும் மேலே புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில் என்பது பழைய முறை. பனையோலையிலே புள்ளி வைத்தால் ஓலை கிழிந்துவிடும் என்று அஞ்சிப் பலர் புள்ளியை விட்டுவிட்டனர். இதனால் படிப்பவர் தடுமாறினர். முனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்து அக்குறையைப் போக்கினார். நாம் இன்று ஏணி என்றும் ஓடம் என்றும் தடுமாற்றமின்றி எழுதுவது அவரால்தான்.

ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கம் அவர் இயற்றியது. ஐரோப்பியர் தமிழ் கற்பதற்காகப் பேச்சுத் தமிழுக்கும் செந்தமிழுக்கும் இலத்தீன் மொழியில் இலக்கணம் எழுதினார். பேச்சுத் தமிழ் இலக்கணத்தைத் தரங்கம்பாடியிலிருந்த லுத்தரன் சபையாரே தங்கள் அச்சகத்தில் அச்சிட்டனர். சமயக் கொள்கையில் அவர்களோடு முனிவர் கடுமையாக வாதிட்டவர் என்பதை நினைக்கும்போது, அவருடைய புலமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார். சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகும்படி பரமார்த்த குருவின் கதையை எழுதினார். அக்கதையில் வரும் ஐந்து சீடர்களும் குருவைத் தெய்வமாக மதிக்கின்றனர். ஆனால் சிறிதும் சிந்திப்பதில்லை. அதனால் குருவுக்கும் தங்களுக்கும் தொல்லைமேல் தொல்லை தேடிக்கொள்கின்றனர். வேதியர் ஒழுக்கத்தில் நல்ல சீடரைக் காட்டியவர், இக்கதையிலே மூடச் சீடரைக் காட்டி நகைக்க வைத்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இறுதி நாட்கள்

முனிவரின் கடைசிக் காலத்தில் தமிழ்நாடு போர்க்களமாக மாறியது. நாயக்கர் ஆட்சி முடிந்து, சந்தா சாகிபும் மராட்டியரும் திருச்சிராப்பள்ளிக்காகப் போரிட்டனர். முனிவர் தெற்கே கடற்கரைச் சீமைக்கு வந்தார். மணப்பாட்டிலே அவர் தங்கியிருந்ததாகக் கூறுவர். பின்னர், தமிழ்நாட்டுக்குள் வருமுன் தங்கியிருந்த அதே அம்பலக்காட்டுக்குத் திரும்பினார். அங்கே 1747ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். ஏறத்தாழ 36 ஆண்டுகள் அவர் இம்மண்ணிலே உழைத்திருந்தார். 1968ஆம் ஆண்டு சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, கடற்கரையில் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது. திண்டுக்கல்லில் இயேசு சபையாரின் பெஸ்கி கல்லூரி அவர் பெயரைத் தாங்கியது.

அவர் விட்டுச் சென்ற செல்வம்

முனிவர் மறைந்து 12 ஆண்டுகள் ஆயின. 1759ஆம் ஆண்டு போர்த்துக்கீசிய அரசு இயேசு சபையாரைத் தன் நாடுகளிலிருந்து வெளியேற்றியது. 1773ஆம் ஆண்டு திருத்தந்தையே அச்சபையைக் கலைத்துவிட்டார். கோவாவிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த குருக்கள் சிலர் தம்மால் இயன்றவரை உழைத்தார்கள். ஆயினும் எத்தனையோ ஊர்கள் ஆண்டுக்கணக்கில் குருவானவரைக் காணாமல் இருந்தன. மீண்டும் உயிர் பெற்ற இயேசு சபையின் குருக்கள் மதுரை மிஷனுக்குத் திரும்பியது 1838ஆம் ஆண்டிலேதான்.

ஏறத்தாழ எழுபது, எண்பது ஆண்டுகள்! ஒரு தாய் தன் பேத்திக்கும் பேத்தியின் மகளுக்கும் செபம் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டிய காலம் அது. அத்தனை காலமும் செபமாலையும் ஞானோபதேசமும் அழிந்து போகாமல் காத்ததில் வேதியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியா. அவர்களுக்குச் சிலை இல்லை. கல்லறையும் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் விழுந்திருந்தால், திரும்பி வந்த குருக்களை வரவேற்க ஊர்களிலே விசுவாசிகள் இருந்திருப்பார்களா? முனிவர் கட்டிய ஆலயங்களைவிட, அவர் உருவாக்கிய மனிதர்களே உறுதியான கட்டடங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

இன்று நமக்கு

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், பொதுநிலையினரின் பணியைப் பற்றித் தனி ஏடே வெளியிட்டது. திருச்சபையின் பணி குருக்களுக்கும் கன்னியருக்கும் மட்டுமே உரியதன்று, ஞானஸ்நானம் பெற்ற எல்லாருக்கும் உரியது என்று அது தெளிவுபடுத்தியது. அதன் பிறகு 1967ஆம் ஆண்டில் பெங்களூரில் விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டுத் தேசிய நடுநிலையம் தொடங்கப்பட்டது. அதை உருவாக்கிய அமலோற்பவதாஸ் அடிகளார் ஒரு தமிழர். திண்டிவனத்தில் தமிழ்நாட்டுக்கென அத்தகைய நடுநிலையம் ஒன்று அமைந்தது. மறைமாவட்டங்களிலும் தியான இல்லங்களும் பயிற்சி நிலையங்களும் தோன்றின. மறைக்கல்வி ஆசிரியர்களும் இளைஞர்களும் தாய்மார்களும் அங்கே சென்று சில நாட்கள் தங்கித் தியானித்துப் பயிற்சி பெற்றுத் திரும்புகின்றனர். இவை வெளிநாட்டிலிருந்து நேற்று வந்த புதுமை என்று எண்ணிவிடக் கூடாது. ஏலாக்குறிச்சியிலே ஓலைச்சுவடியோடு அமர்ந்திருந்த வேதியர்களிடத்திலேயே இவற்றின் வேர் இருக்கிறது.

ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்ல விரும்புகிறேன். அன்று வேதியராக ஊர் ஊராகச் சென்றவர்கள் ஆண்கள். இன்றோ ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கு எந்த ஊரிலே சென்று பார்த்தாலும் கற்பிக்கிறவர்களில் பெரும்பாலோர் அக்காமார்களாகவே இருக்கிறார்கள். நாளை அந்த இடத்தில் நிற்கப் போகிறவர்கள் நாம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தபின் நம்மில் சிலர் மேற்படிப்புக்குச் செல்வோம். சிலர் வீட்டிலே இருப்போம். சிலர் வேறு ஊருக்குப் போய்விடுவோம். எங்கே சென்றாலும் ஒரு குழந்தைக்கு நல்லதைக் கற்பிக்கும் வாய்ப்பு நமக்குக் கட்டாயம் கிடைக்கும். அப்போது அக்குழந்தை நம் சொல்லைக் கேட்பதற்கு முன்பே நம் நடத்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

தேம்பாவணியைப் போல ஒரு காப்பியம் பாட நம்மால் இயலாது. வேதியர் ஒழுக்கம் காட்டும் வழியில் நடக்க நம்மால் இயலும். கடல் கடந்து வந்து, நம் பக்கத்துக் கரிசல் மண்ணிலே தமிழ் பழகி, பெயர் தெரியாத எளியோரை ஆசிரியர்களாக உயர்த்திய அந்த மாமுனிவருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவாகவே இருக்கட்டும்.

– பத்தாம் வகுப்பு மாணவி